பைபருக்குள் நானோ: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் அப்பா முப்பது வருடமாகப் பைபர் பட்டறை வைத்திருக்கிறார். மிதிபடகு, தண்ணீர்த் தொட்டி, ஜீப் பம்பர் என்று எது உடைந்தாலும் அங்கே வரும். நான் கோவையில் மேல்படிப்பு படித்தபோது, பைபருக்குள் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்) சேர்த்து, உள்ளே அடிபட்டால் அந்தப் பொருளே காட்டிக்கொடுக்கும்படி செய்வது பற்றி வேலை பார்த்தேன். லீவில் பட்டறையில் உட்கார்ந்தால் போதும், படகு ரிப்பேர்காரர், சைக்கிள் ஓட்டும் தம்பிகள், காலேஜ் பிள்ளைகள், எதிர்வீட்டு அத்தை என்று ஆளுக்கு ஒரு சந்தேகத்தோடு வருவார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள். அவர்கள் கேட்டது கேட்டபடியே கீழே இருக்கிறது.

"பைபர் பைபர்னு சொல்றீங்களே, அது பிளாஸ்டிக் தானே தம்பி?"

பாதிதான் பிளாஸ்டிக், அத்தை. கண்ணாடியை நூலாக இழுத்து, அந்த நூலைத் துணியாகவோ பாய் மாதிரி 'மேட்' ஆகவோ செய்து, அதன்மேல் ரெசின் என்ற பிளாஸ்டிக் பிசினை ஊற்றி இறுக வைத்தால் அதுதான் நாம் சொல்லும் பைபர். இழுவிசையைத் தாங்குவது நூல். நூல்களை இடம் மாறாமல் பிடித்து வைப்பதும், ஒரு நூலின் பாரத்தை அடுத்த நூலுக்குக் கைமாற்றுவதும் ரெசின். வைக்கோல் கலந்த மண்சுவரும் இதே யோசனைதான்.

கண்ணாடி நூலுக்குப் பதில் கார்பன் நூல் போட்டால் அது கார்பன் பைபர். எடை குறைவு, விறைப்பு அதிகம், விலையும் அதிகம். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி இந்த வகைக் கூட்டுப்பொருள்கள்தான். நம் தேஜஸ் போர்விமானத்தின் உடலில் எடைக்கணக்கில் 45 சதவீதம்.

"விரிசல் விட்டா கண்ணுக்கே தெரியுமே. அதுக்கு எதுக்கு நானோ கினோன்னு?"

இரும்புத் தகடு அடிபட்டால் நெளியும், பார்த்தவுடனே தெரியும். பைபர் அப்படி நெளியாது. மேலே ஒரு சின்னப் பள்ளமோ, ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சில் ஒரு நட்சத்திரக் கீறலோ இருக்கும், அவ்வளவுதான். உள்ளே அடுக்கு அடுக்காக ஒட்டியிருந்தது பிரிந்து, பக்கவாட்டில் பரவியிருக்கும். அடித்த பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் சேதம் பெரிதாக இருப்பது வழக்கம். படித்துறையில் மோதிய ஒரு மிதிபடகு எங்களிடம் வந்தது. வெளியே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தடம். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அடுக்கு விட்டிருந்தது.

அப்பா நாணயத்தால் தட்டிப் பார்ப்பார். நல்ல இடம் 'டிங்' என்னும், பிரிந்த இடம் 'டொப்' என்னும். சும்மா சொல்லவில்லை, விமானப் பராமரிப்பிலும் இந்தத் தட்டல் சோதனை உண்டு. அல்ட்ராசவுண்டு, எக்ஸ்ரே எல்லாம் இதைவிட நுணுக்கமானவை. ஆனால் எதைச் செய்தாலும் வேலையை நிறுத்தி, ஆள் போய், சந்தேகப்பட்ட இடத்தில் கருவியை வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொருள் தானாகச் சொல்லாதா என்று யோசித்ததில்தான் நானோ வந்தது.

"நானோன்னா எவ்வளவு சின்னது?"

தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன். கார்பன் நூல் ஒன்று 5,000 முதல் 7,000. நாங்கள் கலந்த பல சுவர் கார்பன் நானோகுழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள்) 10 நானோமீட்டர் சுற்றுவட்டாரம். அதாவது, ரெசினுக்குள் இரண்டு நூல்களுக்கு நடுவே உள்ள சந்துபொந்திலும் தாராளமாகப் புகுந்துவிடும்.

"ரெசின் கரண்டைக் கடத்தாதே அண்ணா? கண்ணாடியும் கடத்தாது. அப்புறம் எப்படி?"

சரியான கேள்வி. ரெசினும் கண்ணாடி நூலும் சேர்ந்தால் அருமையான மின்காப்புப் பொருள். ஆனால் கார்பன் நானோகுழாய் கடத்தும். ரெசினில் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரை ஒன்றுமே நடக்காது. திடீரென ஓர் அளவில், குழாய்கள் ஒன்றையொன்று தொட்டும் நெருங்கியும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு தொடர் பாதை அமைந்துவிடும். அந்த இடத்தில் மின்தடை ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு என்று விழும்.

ஆச்சரியம் என்னவென்றால், எபாக்ஸி ரெசினில் எடையில் 0.1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ போட்டாலே இது நடந்துவிடும். காரணம் வடிவம். தட்டில் கடுகைத் தூவி ஓரத்திலிருந்து ஓரம் வரை தொடும்படி செய்யப் பிடி பிடியாகக் கடுகு வேண்டும். துடைப்பக் குச்சியாக இருந்தால் பத்துப் பதினைந்தை வீசினாலே குறுக்கும் நெடுக்குமாகத் தொட்டுக்கொள்ளும். நானோகுழாய் குச்சி ஜாதி.

"சரி, பாதை அமைஞ்சாச்சு. அடிபட்டது எப்படித் தெரியும்?"

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வர குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் வண்டிகள் எல்லாம் கோத்தகிரி சுற்றி வரும். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் மண்சரிவைப் பார்க்கவில்லை. ஆனால் பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்றால் கீழே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நாங்கள் செய்வதும் அதுதான். விரிசல் ஒன்று ரெசினைப் பிளந்துகொண்டு போகும்போது அதன் குறுக்கே இருந்த நானோகுழாய்ப் பாதைகள் அறுந்துபோகும். மின்சாரம் சுற்றிக்கொண்டு போகும், மின்தடை ஏறும். நாங்கள் அந்த ஏற்றத்தை அளக்கிறோம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நானோகுழாய்கள் எல்லா இடத்திலும் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளி இருந்தாலும் எலக்ட்ரான் தாவிவிடும். அந்த இடைவெளி ஒரு துளி கூடினாலும் தாவுவது மளமளவெனக் குறையும். அதனால் விரிசல் எதுவும் விழாமல் பொருள் சற்று இழுபட்டாலே மின்தடை மெதுவாக ஏறும். இழுத்தால் சீராக ஏறுவதும், விரிசல் விழுந்தால் படிக்கட்டுபோல் எகிறுவதும் வரைபடத்தில் தனித்தனியாகத் தெரியும். 2006-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் தாஸ்டென்சன், சூ என்ற இருவர் கண்ணாடி நூல் கூட்டுப்பொருளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நூல் அறுவதற்கு வெகு முன்னாலேயே ரெசினில் விழும் முதல் மயிரிழை விரிசல்களை அது பிடித்துவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மயக்கம் வந்ததே அந்தப் படிக்கட்டைப் பார்த்துத்தான்.

"படகுல கரண்ட் வெச்சா ஷாக் அடிக்காதா?"

அடிக்காது. டார்ச் பேட்டரி அளவு மின்னழுத்தம், அதிலும் மில்லி ஆம்பியருக்குக் கீழேதான் ஓடும். மல்டிமீட்டர் முனையைக் கையில் பிடித்தால் என்ன ஆகுமோ அதுதான்.

"லோடு எடுத்ததும் மீட்டர் பழைய இடத்துக்கே வந்துடுச்சு. அப்போ ஒண்ணும் ஆகலைன்னு எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில்தான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் வழுக்குவார்கள், நானும் வழுக்கினேன். பாரத்தை எடுத்தால் விரிசலின் இரண்டு உதடுகளும் மறுபடி ஒட்டி உட்கார்ந்துவிடும். அறுந்த குழாய் முனைகள் நெருங்கிவிடும். மீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணைக் காட்டும். மண்சரிவை ஓரமாகத் தள்ளி ஒரு பஸ் மட்டும் போகிற அளவு வழி விட்ட மாதிரி. வழி திறந்துவிட்டது என்பதற்காக மலை உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லையே.

அதனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பாரம் ஏறியிருக்கும்போதே அளக்க வேண்டும், அப்போது விரிசல் வாய் திறந்திருக்கும். இரண்டாவது, ஒரே பாரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் மின்தடை எவ்வளவு எகிறுகிறது, எங்கே வந்து நிற்கிறது என்று ஒப்பிட வேண்டும். அடிபடாத துண்டில் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும். அடிபட்டதில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் விலகி, நடுவில் வயிறு தள்ளும்.

"என் சைக்கிள் பிரேம் கார்பன் பைபர். கார்பன் நூலே கடத்துமே, அதுக்கு நானோ தேவையா?"

நூலின் திசையில் தேவையில்லை. 1989-லேயே ஷுல்ட்டே, பரோன் என்ற ஆய்வாளர்கள் கார்பன் நூலின் மின்தடையை வைத்தே நூல் அறுவதைக் கண்டுபிடித்தார்கள். நானோகுழாய் பிரபலமாகும் முன்பே, அதாவது அதை உலகம் கவனிக்க வைத்த ஜப்பானிய ஆய்வாளர் ஈஜிமாவின் 1991 கட்டுரைக்கும் முன்பே, நடந்தது இது.

சிக்கல் குறுக்குத் திசையில். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே வெறும் ரெசின் படலம் இருக்கிறது, அது சரியாகக் கடத்தாது. கோத்தகிரி இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்தால் முதலில் பிரிவது அந்தப் படலம்தான். நூல் ஒன்றுகூட அறுந்திருக்காது. அந்த இடைப்படலத்தில் நானோகுழாயோ கிராஃபீனோ (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) இருந்தால் குறுக்கு மின்தடையில் அது தெரிந்துவிடும். உங்கள் பிரேமில் அது இருக்க வாய்ப்பில்லை தம்பி. விழுந்திருந்தால் இப்போதைக்கு அப்பாவின் நாணயம்தான், அல்லது கோவையில் ஸ்கேன்.

"எந்த இடத்துல அடிபட்டிருக்குன்னு சொல்லுமா?"

இரண்டு முனையில் மட்டும் வயர் வைத்தால் சொல்லாது. மேலே சொன்ன பஸ் ஸ்டாண்டு ஆளுக்கு, தாமதம் பர்லியாரிலா காட்டேரியிலா என்று தெரியாது, அதே கதை. சுற்றிலும் பல மின்முனைகள் பொருத்தி, இரண்டிரண்டாக மின்சாரம் செலுத்தி, மற்றவற்றில் மின்னழுத்தம் அளந்து, அந்த எண்களிலிருந்து உள்ளே எங்கே தடை கூடியது என்று கணக்கால் படம் வரைவார்கள். மருத்துவத்தில் நுரையீரல் பார்க்கப் பயன்படும் மின்மறுப்பு டோமோகிராபியும் இதே கணக்குதான்.

படம் எக்ஸ்ரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓரத்தில் அளந்து நடுவை ஊகிப்பதால் நடுப்பகுதி மங்கலாகத்தான் வரும். அளவில் சின்னப் பிழை இருந்தாலும் படத்தில் இல்லாத பேய் தெரியும். 'இந்தக் கால்வாசிப் பகுதியில் தட்டிப் பாருங்கள்' என்று சொல்லுமளவுக்கு நம்பலாம். அதுவே பெரிய உதவி.

"நம்ம ஊர் பனிக்கு இதெல்லாம் தாங்குமா?"

இதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு கதை. ஒரு டிசம்பரில் மாதிரித் துண்டு ஒன்றைப் பட்டறைக் கூரையில் கட்டி, இரவெல்லாம் அளவெடுக்க விட்டேன். யாரும் தொடவில்லை, பாரமும் இல்லை. காலையில் பார்த்தால் எண் மாறிக் கிடக்கிறது. 'தானாகவே விரிசல் விட்டுவிட்டது' என்று பதறினேன். அப்பா டீயை உறிஞ்சிக்கொண்டே, 'ராத்திரிக் குளிருக்கு நீயும்தான் சுருண்டு கிடந்தே, உனக்கும் விரிசலா?' என்றார். வெயில் ஏறியதும் எண் திரும்பி வந்தது.

வெப்பநிலை மாறினால் நானோகுழாய்களுக்குள்ளும் அவற்றின் இடைவெளியிலும் கடத்தும் திறன் மாறும். ரெசினும் விரியும், சுருங்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கலாம் என்பதால் மின்தடை ஏறுமா இறங்குமா என்பது கலவைக்குக் கலவை வேறுபடும். தலைக்குந்தாவில் உறைபனி விழும் விடிகாலைக்கும் அன்றைய மதிய வெயிலுக்கும் உள்ள வித்தியாசமே, ஒரு சின்ன விரிசல் காட்டும் மாற்றத்தை விழுங்கிவிடும். மூடுபனி இன்னொரு தொல்லை. ரெசின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி உப்பும், குழாய்கள் விலகும், மின்தடை ஏறும்.

வழி இருக்கிறது. அதே கலவையில் இன்னொரு துண்டு செய்து, பாரம் எதுவும் இல்லாமல் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் ஒரே வீட்ஸ்டன் பாலத்தில், அதாவது தடைகளை ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும் மின்சுற்றில், இணைக்கலாம். பனியும் வெயிலும் இரண்டுக்கும் பொது, கழிந்துவிடும். அடி மட்டும் ஒன்றில்தான் மிஞ்சும். எங்கள் ஊரில் சோதித்துத் தேறிய கருவி சமவெளியில் எங்கேயும் தேறும் என்பது என் கட்சி.

"நானோ பவுடரை வாங்கி ரெசின்ல கலக்கி அடிச்சா போதும் தானே?"

அப்படி நினைத்துத்தான் முதல் மாதம் போனது. நானோகுழாய் பவுடரை ரெசினில் போட்டால், ரவை உப்புமாவில் கட்டி விழுவதுபோல் கட்டி கட்டியாக நிற்கும். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி அப்படி. அல்ட்ராசவுண்டு முனையால் அதிரவைத்தோ, மூன்று உருளைகளுக்கு நடுவே அரைத்தோ பிரிக்க வேண்டும். ரொம்ப அரைத்தால் குழாய்கள் துண்டாகும். துடைப்பக் குச்சி கடுகாகிவிட்டால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். ரெசினும் தேன் மாதிரி கெட்டியாகும்.

அடுத்த தொல்லை வடிகட்டல். துணி அடுக்குகளை அடுக்கி, வெற்றிடத்தால் ரெசினை உறிஞ்சி இழுக்கும்போது, நெருக்கமான நூல்கள் டீ வடிகட்டி மாதிரி நானோகுழாய்களை ஆரம்பத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முனை கறுப்பு, மறுமுனை வெளிர். அதனால் பலர் ரெசினை விட்டுவிட்டு நூலின்மேலேயே நானோகுழாயைப் பூசுகிறார்கள், அல்லது மெல்லிய நானோகுழாய்த் தாளாக்கி அடுக்குகளுக்கு நடுவே செருகுகிறார்கள். நம் பட்டறை மாதிரி பிரஷ் வைத்து அடிக்கும் இடத்தில் வடிகட்டல் தொல்லை குறைவு.

"நிறையப் போட்டா இன்னும் நல்லா காட்டும் இல்லையா?"

நேர்மாறு. நிறையப் போட்டால் பாதைகள் ஆயிரக்கணக்கில் ஆகிவிடும், பத்து அறுந்தால் மீட்டர் கண்டுகொள்ளாது. பாதை அப்போதுதான் அமைந்த அளவை ஒட்டி இருக்கும்போதுதான் உணர்திறன் உச்சத்தில் இருக்கும். அந்த அளவுக்கு மிக அருகில் போனால் எண் நிலையாக நிற்காமல் ஆடும். கொஞ்சம் மேலே நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

"இந்த நானோ தூசி மூச்சுல போனா ஆபத்துன்னு சொல்றாங்களே?"

பயம் நியாயமானது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு குறிப்பிட்ட பல சுவர் நானோகுழாயை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. மற்ற வகைகளுக்கு முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். அது மிகக் குறைந்த அளவு.

இறுகிய ரெசினுக்குள் இருக்கும்போது பிரச்சினை குறைவு. பவுடரைக் கொட்டும்போதும், இறுகியதைத் தேய்க்கும்போதும் அறுக்கும்போதும்தான் கவனம் வேண்டும். துணியைக் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கே உதவாது. நல்ல வடிகட்டி உள்ள முகமூடி, ஈரமாகத் தேய்ப்பது, தூசி உறிஞ்சி, மூன்றும் வேண்டும். பவுடராக வாங்காமல் ரெசினிலேயே கலந்து வரும் அடர்கலவையை வாங்குவது இன்னும் நல்லது.

"ஏற்கெனவே இருக்கிற தொட்டிக்கும் படகுக்கும் இதைப் போட முடியுமா?"

உள்ளே போட முடியாது, மேலே பூசலாம். நானோகுழாய் அல்லது கிராஃபீன் கலந்த பெயின்டை ஒரு பட்டையாகப் பூசி மின்முனை வைத்தால், அந்தப் பரப்பு இழுபடுவதையும் கீறுவதையும் அது காட்டும். ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்ன உள் அடுக்குப் பிரிவை மேற்பூச்சு நேராகப் பார்க்காது. அது மேல்பரப்பையும் அசைத்தால்தான் உண்டு.

தண்ணீர்த் தொட்டிக்கு இதைக் கேட்காதீர்கள் அத்தை. ஒழுகினால் கீழே ஈரம் தெரியும், அதைவிட மலிவான சென்சார் கிடையாது.

"ஸ்ட்ரெயின் கேஜ் இருக்கு, ஆப்டிகல் பைபர் இருக்கு. இது எதுக்கு புதுசா?"

அவை ஒட்டிய இடத்தை மட்டும் பார்க்கும். பொருள் எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும் உலோகத் தகட்டு ஸ்ட்ரெயின் கேஜ் ஒரு விரல்நுனி அளவு. அதற்குப் பக்கத்தில் விரிசல் விழுந்தாலும் அதற்குத் தெரியாமல் போகலாம். ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஆப்டிகல் பைபர் துல்லியமானது, மின்காந்தத் தொல்லை இல்லாதது, நீண்ட தூரம் போகும். ஆனால் அதன் கண்ணாடியே 125 மைக்ரோமீட்டர் தடிமன். ஏழு மைக்ரோமீட்டர் கார்பன் நூல்களுக்கு நடுவே அது படுத்தால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே சில்வர் ஓக் மரத்தைச் சாய்த்துப் போட்ட மாதிரி. சுற்றிலும் ரெசின் தேங்கி, அதுவே பலவீனமான இடமாகலாம்.

நானோகுழாய் எல்லா இடத்திலும் பரவியிருக்கும், நூலின் ஒழுங்கைக் கெடுக்காது. பதிலுக்குத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கிறோம். ஆப்டிகல் பைபர் எண்ணாகச் சொல்வதை இது ஜாடையாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

"பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாடி ரெக்கையில எல்லாம் இது வந்தாச்சா?"

அந்தக் காற்றாலை இறக்கைகள் பெரும்பாலும் கண்ணாடி நூல் கூட்டுப்பொருள்தான், மிக நீளமானவற்றில் நடுத்தண்டுக்குக் கார்பன் நூலும் சேரும். ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓயாமல் வளைந்து நிமிர்வதால் களைப்பு விரிசலுக்குத் தோதான இடம். ஆராய்ச்சியில் இதற்கு நிறைய முயற்சி நடக்கிறது. வழக்கமான பராமரிப்பில் இன்னும் ஆள் கயிற்றில் தொங்கிப் பார்ப்பதும், டிரோன் படமும்தான். விமானத்திலும் நிலைமை அதே. ஆய்வகத்தில் ஒரு சாண் துண்டில் வேலை செய்வது ஒன்று, இருபது வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று, ஒருமுறைகூடப் பொய் சொல்லாமல் இருக்குமா என்று நிரூபிப்பது வேறு வேலை.

இறக்கையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இடி. இறக்கைக்குள் இடியை இறக்கிவிடத் தனி உலோகக் கம்பி இருக்கும். அதன் பக்கத்தில் நாம் கடத்தும் வலை ஒன்றை விரித்தால், இடி அதன் வழியே போக ஆசைப்படலாம். எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பது இன்னும் சூடாக வாதம் நடக்கும் விஷயம்.

"காலேஜ் புராஜெக்டா பண்ணலாம்னு அக்கா சொன்னாங்க. எங்க இருந்து தொடங்குறது?"

தாராளமாக. நானோகுழாய் வாங்கப் பணம் இல்லையென்றால் மின்சாரம் கடத்தும் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் போதும். அது கடுகு ஜாதி என்பதால் அளவு அதிகம் வேண்டும், மற்றபடி பாடம் ஒன்றேதான். கண்ணாடி மேட்டில் ஒரு சாண் நீளப் பட்டை செய்யுங்கள். ஊட்டிக் குளிரில் ரெசின் இறுக நேரமாகும், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை இஷ்டத்துக்குக் கூட்டாமல் வெயில் வரும் வரை காத்திருங்கள். அரைகுறையாக இறுகிய பட்டை வாரக்கணக்கில் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும்.

சில்வர் பெயின்ட் தொட்டு நான்கு வயர் ஒட்டுங்கள். வெளி இரண்டில் மின்சாரம், உள் இரண்டில் மின்னழுத்தம். இரண்டு வயரில் இரண்டையும் அளந்தால் வயர் ஒட்டிய இடத்தின் தடையையும் சேர்த்து அளந்து, அது தளர்வதை விரிசல் என்று எழுதுவீர்கள். எடை தொங்கவிடும் முன் ஒரு முழு நாள் சும்மா வைத்து, மணிக்கொரு தரம் மின்தடையையும் வெப்பநிலையையும் நோட்டில் குறியுங்கள். பட்டறைக்குக் கொண்டுவந்தால் நான் பார்க்கிறேன். உடைப்பதை அப்பா பார்த்துக்கொள்வார், அவருக்கு அது பிடிக்கும்.